பிணை நின்ற காலம்

தங்கச்சியின் தொலைபேசி வந்தபோது இன்னும் விடியவில்லை. மாசி மாதம், வெளியே உறைபனி. "அண்ணா, தம்பியைப் பொலிஸ் கொண்டு போட்டுது. வேலை செய்யிற இடத்துப் பிள்ளை ஒண்டு ஏதோ சொல்லிப்போட்டுதாம்." தம்பி என்று அவள் சொன்னது தன் மகனை, என் மருமகனை. என்ன நடந்ததென்று நான் கேட்க முதல் அவள் அடுத்ததைக் கேட்டாள். "எவ்வளவு காசு கட்டினா விடுவாங்கள்?"

இதில் சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். உறவுமுறை, வேலை, காலம் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். பாலியல் வழக்குகளில் முறையிட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாதென்று கனடிய நீதிமன்றம் தடை போடும். குற்றவியல் சட்டக்கோவையின் 486.4ஆம் பிரிவு அது. பத்திரிகைக்காரருக்குப் போலவே எனக்கும் அந்தத் தடை பொருந்தும். அது இல்லாவிட்டாலும் மாற்றியே எழுதியிருப்பேன்.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்கப் படங்களில் வரும் பிணைக்கடை இங்கே கிடையாது. பிணை நிற்பவருக்கு நட்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன் என்று உடன்படிக்கை பேசுவதே கனடாவில் குற்றம். பெரும்பாலும் காசு கட்டவும் தேவையில்லை. இவ்வளவு தொகைக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கிறோம். அவன் நிபந்தனையை மீறினால் அந்தக் காசை அரசாங்கம் எங்களிடம் கேட்கலாம். காசைவிட அவர்கள் தேடுவது ஓர் ஆளை. அந்த ஆளாகத்தான் நான் 16 மாதம் இருந்தேன்.

கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும், தாமதிக்காமல் சட்டத்தரணியோடு பேச விட வேண்டும். 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனம் தந்த உரிமைகள் இவை. தெரிந்த சட்டத்தரணி இல்லாதவருக்கு இலவசமாகப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கத்தையும் பொலிஸார் சொல்வார்கள். ஆங்கிலம் போதாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்க வேண்டும்; "கொஞ்சம் விளங்கும்" என்று சமாளிக்கக்கூடாது. மருமகனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தமிழைவிட ஆங்கிலம்தான் அவனுக்கு நன்றாக வரும். தொலைபேசியில் வந்த சட்டத்தரணி, நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே என்று சொல்லியிருக்கிறார். அவன் மூன்று மணித்தியாலம் பேசினான்.

தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள் விசாரணை அறையில் சட்டத்தரணி பக்கத்தில் இருப்பார் என்று நினைக்கிறார்கள். அது அமெரிக்கா. கனடாவில் அப்படியொரு உரிமை இல்லையென்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. அவரோடு பேசி முடித்த பிறகு நீங்கள் தனியாள். எதிரில் ஓர் அதிகாரி, மூலையில் ஒரு கமரா. அடி கிடையாது, அதட்டல் கிடையாது, கோப்பி வாங்கித் தருவார்கள். "உன்ர பக்கக் கதையையும் சொல்லன்" என்று நட்பாகக் கேட்பார்கள்.

அவன் ஏன் பேசினான் என்று யோசித்தால் என்னிடமே வந்து நிற்கிறது. பொலிஸ் கேட்டால் பதில் சொல் என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே ஒருவனை உள்ளே தள்ளப் போதுமாயிருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே வாய் திறக்காதவனுக்கு அடி விழும். அந்தப் பயத்தை விமானத்தில் கூடவே கொண்டுவந்து, ஒன்பது வயதில் இங்கே வந்த பிள்ளைக்கும் ஊட்டியிருக்கிறோம். மௌனம் ஓர் உரிமையாக இருக்கலாம் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.

கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். முன்பு ஸ்காபுறோக்காரருக்கு எக்ளின்ரன் அவெனியூவில் ஒரு நீதிமன்றம் இருந்தது. 2023இல் ரொறன்ரோ நகரின் நடுவே ஆமரி வீதியில் புதிய கட்டடம் திறந்தபின் பெரும்பாலான குற்ற வழக்குகள் அங்கே போய்விட்டன. கூண்டில் ஏறி நின்றேன். எங்கட ஆக்கள் "கிரௌன்" என்று சொல்லும் அரச சட்டத்தரணி, என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்த ஒரு பெண், கேட்கத் தொடங்கினார். எவ்வளவு சம்பளம், வீட்டில் எத்தனை அறை, இரவு வேலையா பகல் வேலையா. மருமகனுக்கு எத்தனை நண்பர்கள், அவன் குடிப்பானா, கடைசியாக அவனோடு மனம்விட்டுப் பேசியது எப்போது. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு கேட்டார்: "அவர் நிபந்தனையை மீறினால் நீங்களே பொலிஸுக்கு அறிவிப்பீர்களா?" ஓம் என்றேன். பின்வாங்கில் இருந்த தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

10,000 டொலருக்குப் பொறுப்பு. அவன் என் வீட்டில் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு நான் இல்லாமல் வெளியே போகக்கூடாது. முறையிட்ட பெண் வசிக்கும், வேலை செய்யும், வணங்கும் இடங்களிலிருந்து 200 மீற்றருக்குள் போகக்கூடாது. வணங்கும் இடமென்றால் எங்கள் கோயில்தான், அவளும் தமிழ்ப்பிள்ளை. நேரடியாகவோ மறைமுகமாகவோ அவளோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது.

அந்த "மறைமுகமாகவோ" என்ற சொல்லில்தான் எங்கள் சனம் விழுகிறது.

அவன் என் வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமை தங்கச்சி வந்தாள், கூடவே எங்களுக்கு மூத்த ஓர் அண்ணர். அந்தப் பெண்ணின் தாய் வழியில் அவருக்குத் தூரத்துச் சொந்தம். "தாயோட ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறன். பொம்பிளைப் பிள்ளையின்ர பேரும் கெட்டுப்போகுமெல்லே. விரும்பினா ரெண்டையும் கட்டி வைச்சிடலாம்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி வன்மமும் இல்லை. நல்ல காரியம் செய்யப் போகிறேன் என்றே நம்பினார். என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தவள், தட்டத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். "உங்கட மகளுக்கு நடந்திருந்தா அவனுக்கே கட்டிக் குடுப்பியளோ?" என்று கேட்டாள். அண்ணர் பேசவில்லை.

ஒரு கணம் எனக்கும் சபலம் தட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. வழக்கு இல்லாமல் போனால் எவ்வளவு நிம்மதி என்று மனம் கணக்குப் போட்டது. என்னைத் தடுத்தது முதலில் சட்டம்தான்; வெட்கம் பிறகுதான் வந்தது. சாட்சியைக் கலைக்க முயல்வது நீதிக்கு இடையூறு என்ற தனிக்குற்றம். கதைக்கப் போகிறவர் மாட்டுவார், அனுப்பியவர் மாட்டுவார், மருமகனின் பிணையும் போகும். அதோடு, அந்தப் பெண் நினைத்தாலும் இங்கே வழக்கை "வாபஸ்" வாங்க முடியாது. முறையிடுவதோடு அவள் சாட்சியாகிவிடுகிறாள், வழக்கு அரசினுடையது. கலியாணக் கதைக்கும் இடமில்லை. கட்டிய மனைவியைப் பலவந்தப்படுத்துவதே 1983இலிருந்து இங்கே குற்றம்.

அண்ணரைத் திருப்பி அனுப்பினேன். ஆனால் அவர் போகாமலே வேலை நடந்துவிட்டது என்று பிறகு அறிந்தேன். கோயிலில், பலசரக்குக் கடையில், ஒரு செத்தவீட்டில்கூட, அந்தத் தாயிடம் எங்கள் ஆட்கள் "பொடியன்ர வாழ்க்கை" என்று தொடங்கியிருக்கிறார்கள். ஒருவரையும் நான் அனுப்பவில்லை. ஒருவரையும் தடுக்கவும் இல்லை.

காத்திருப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை போனது. மாதத்துக்கொரு தவணை, ஐந்து நிமிடத்தில் அடுத்த தவணை. அரச தரப்பிடம் இருக்கும் ஆதாரத்தை எதிரித் தரப்புக்குத் தர வேண்டுமென்பது 1991இல் உச்ச நீதிமன்றம் விதித்த கடமை. அப்படி வந்த கட்டில் அந்த மூன்று மணித்தியால ஒளிப்பதிவும் இருந்தது. மாகாண நீதிமன்றத்தில் விசாரணை 18 மாதத்துக்குள் முடிய வேண்டுமென்று 2016இல் ஒரு வரம்பு வைத்தார்கள். எங்களுடையது 16 மாதத்தில் முடிந்தது.

விசாரணை நாளில் எங்கள் பக்கத்து வாங்கில் கேட்ட கேள்விகளை எழுத வேண்டும். ஏன் கத்தவில்லை? ஏன் ஐந்து கிழமை கழித்துச் சொன்னாள்? முந்தி இரண்டு பேரும் சிரித்துக் கதைத்துத் திரிந்தவைதானே? இவற்றுக்குக் கனடியச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. உடனே முறையிட்டிருக்க வேண்டுமென்ற பழைய விதி 1983இல் நீக்கப்பட்டது. அவளுடைய சொல்லை உறுதிப்படுத்த வேறு சாட்சி வேண்டுமென்ற கட்டாயமும் அந்த ஆண்டே போனது. அவளுடைய முந்தைய உறவுகளைக் காட்டி, இவள் இப்படிப்பட்டவள், இதற்கும் சம்மதித்திருப்பாள் என்று வாதாட முடியாது. நீதிமன்றத்தில் அடிபட்டுப்போன கேள்விகள் எங்கள் வாங்கில் இன்னும் உயிரோடு இருந்தன.

பிறகு ஒளிப்பதிவைப் போட்டார்கள். அதிகாரி கேட்கிறார், அவள் சம்மதித்தது உனக்கு எப்படித் தெரியும் என்று. மருமகன் தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்கிறான்: "அவள் ஒன்றும் சொல்லவில்லையே."

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாங்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோம். பெண் பார்க்கும் படலத்தில் சொல்கிறோம், பிள்ளைகளுக்கு முன்னால் சொல்கிறோம். 1999இல் இவான்சக் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அதைத் துடைத்தெறிந்தது. வாய் திறக்காததும் எதிர்க்காததும் சம்மதமல்ல. சம்மதம் அந்தப் பெண்ணின் மனதில் இருந்திருக்க வேண்டும். சம்மதித்தாள் என்று நம்பினேன் என்று சொல்பவன், அதை அறிய என்ன செய்தான் என்பதையும் காட்ட வேண்டும். மருமகன் எதுவும் செய்யவில்லை. அவனே சொல்லிவிட்டான்.

அவள் இரண்டு நாள் சாட்சி சொன்னாள். குறுக்கு விசாரணையில் ஒருமுறை தண்ணீர் கேட்டாள். மற்றபடி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். முதல் நாள் முடிந்து காரில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனைப் பார்த்து, அவள் சொல்வது உண்மை என்று நினைக்கிறேன் என்றேன். "மாமா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். வீடு போய்ச் சேரும் வரை இருவரும் பேசவில்லை.

அவன் அன்று வாயை மூடியிருந்தால் தப்பியிருப்பானா என்று தங்கச்சி இன்றும் கேட்கிறாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. கைதான எவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: சட்டத்தரணி சொன்னதைக் கேள், வாயைத் திறக்காதே. குற்றம் செய்யாதவனுக்கும் அந்த உரிமை வேண்டும். இந்த வழக்குகளில் பிழையாகப் பிடிபடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் வீட்டில் நடந்தது அது இல்லை. ஒரு பெண்ணுக்கு அநியாயம் செய்தவனுக்குத்தான் நான் பிணை நின்றேன்.

18 மாதச் சிறை. மரபணு மாதிரி எடுத்தார்கள். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் 20 ஆண்டு. ஒன்ராறியோவுக்கு 2001இலிருந்து சொந்தப் பதிவேடு உண்டு, நாடு முழுவதற்குமானது 2004இல் வந்தது. அமெரிக்காவைப் போல இங்கே அதை எல்லோரும் பார்க்க முடியாது, பொலிஸாருக்கானது. வருடத்துக்கொரு முறை போய்ப் பதிய வேண்டும், வீடு மாறினால் சொல்ல வேண்டும்.

அவன் இன்னும் கனடியக் குடியுரிமை எடுக்கவில்லை. "பிறகு பாப்பம்" என்று வருடக்கணக்காகத் தள்ளிவந்த குடும்பம் எங்களுடையது. உச்சத் தண்டனை பத்தாண்டு அல்லது அதற்கு மேலான குற்றத்துக்குத் தீர்ப்பானால் நிரந்தர வதிவிடம் வைத்திருப்பவரை நாடுகடத்தலாம். தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது அதற்கு மேலென்றால், நாடுகடத்தும் உத்தரவுக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழியும் அடைபடும். 2013இல் அந்த எல்லையை இரண்டு வருடத்திலிருந்து ஆறு மாதத்துக்கு இறக்கிவிட்டார்கள். குடியுரிமை இல்லாத எவரும் வழக்கின் முதல் நாளிலேயே குற்றவியல் சட்டத்தரணியோடு ஒரு குடிவரவுச் சட்டத்தரணியையும் பார்க்க வேண்டும். நாங்கள் தீர்ப்புக்குப் பிறகுதான் பார்த்தோம். ஒன்பது வயதில் விட்டுவந்த, பேச்சுவழக்கும் முழுதாகத் தெரியாத நாட்டுக்கு அவனை அனுப்பும் உத்தரவு வந்திருக்கிறது.

தங்கச்சி அழுகிறாள், நானும் அழுதிருக்கிறேன். எங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் வருகிறார்கள், சமைத்துக்கூடக் கொண்டுவருகிறார்கள். வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அந்தத் தாயை எங்கேயாவது கண்டால் முகத்தைத் திருப்பாமல் நின்று, சுகம் விசாரியுங்கள். வழக்கைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம். கோயிலுக்கு 200 மீற்றருக்குள் வரக்கூடாதென்று நீதிமன்றம் சொன்னது என் மருமகனுக்கு. வராமல் விட்டது அந்தப் பெண்ணின் குடும்பம். திருவிழாவுக்கும் அவர்கள் வரவில்லை.