கூச்சா சௌத்ரியில் ஒரு காமிரா

சாந்தினி சவுக் என்றதும் தில்லிவாழ் தமிழ்ப் பெண்களுக்குக் கினாரி பஜார் ஜரிகையும், தரீபா கலான் வெள்ளிக் கொலுசும்தான் ஞாபகம் வரும். ஷாஜஹானின் மகள் ஜஹனாரா 1650-ல் அமைத்த கடைவீதியாயிற்றே! ஆனால் அதே வீதியிலிருந்து பிரியும் கூச்சா சௌத்ரி என்ற சந்துக்குள் நம்மில் எத்தனை பேர் நுழைந்திருப்போம்? சந்து முழுக்கக் காமிராதான். புதுசு, பழசு, லென்ஸ், ஸ்டாண்டு, விளக்குக் குடை, ஆல்பம் அட்டை... போன மாதம் அங்கே எனக்கென்று ஒரு காமிரா வாங்கி வந்தேன்.

ரவிக்கை தைத்து இரண்டு வருஷம் சேர்த்த 35,000 ரூபாய் கையில் இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் குழந்தைகளைப் போனில் நான் எடுக்கும் படங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். ஆயுஷ்ஹோமம், பிறந்த நாள் என்றால் "மாமி, நீங்களே எடுங்கோ" என்பார்கள். பெரிய அளவில் பிரிண்ட் போட்டால்தான் குட்டு வெளிப்படும். வீட்டு வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் குழைந்த சாதம் மாதிரி இருக்கும். நல்ல காமிரா இருந்தால் இதையே ஒரு வருமானமாக்கலாம் என்று தோன்றிற்று. இவர், "போன் போதாதா?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. பணம் போனால் மறுபடி சேர்க்க இரண்டு வருஷம் ஆகும் என்பது எனக்கும் தெரியும்.

ஏன் பழசு என்கிறீர்களா? கம்பெனிகள் எல்லாம் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் காமிராவுக்கு மாறிவிட்டதால், பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களை நிறையப் பேர் விற்கிறார்கள். படத்தில் ஒரு குறையும் இல்லை, நமக்குத்தான் லாபம்.

லாஜ்பத் நகரில் வயலட் லைன் மெட்ரோ பிடித்து லால் கிலா ஸ்டேஷனில் இறங்கினேன். எதிரே செங்கோட்டை. சிவப்புக் கல் ஜைனக் கோயிலைத் தாண்டி நடக்க வேண்டும். அந்தக் கோயிலுக்குள்ளேயே பறவைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, குழந்தைகளோடு போனால் அவசியம் காட்டுங்கள். 2021-லிருந்து சாந்தினி சவுக் பெரிய வீதியில் பகல் நேரத்தில் மோட்டார் வண்டி கிடையாது. சைக்கிள் ரிக்ஷாவுக்கு மட்டும் ஒதுங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சந்து பூட்டிக் கிடக்கும்.

முதல் கடையிலேயே "பையனுக்கா, பஹன்ஜி?" என்றார் கடைக்காரர். "எனக்குத்தான், பாயி சாப்" என்றேன். உடனே பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்து, "ரீஃபர்பிஷ்டு" என்றார். அந்த வார்த்தைக்கு மயங்கக் கூடாது. முறையாகப் பிரித்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, பரிசோதித்து, காரண்டி எழுதித் தந்தால்தான் அது ரீஃபர்பிஷ்டு. துணியால் துடைத்து வைத்ததற்கும் பஜாரில் அதே பெயர்! "எந்தப் பாகம் மாற்றினீர்கள், யார் மாற்றினார்கள், எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விலையில் ஆயிரத்தைக் குறைத்தார். நான் அடுத்த கடைக்கு நடந்தேன்.

அங்கே நிக்கான் டி5600 இரண்டு இருந்தன. ஒன்று புதுப் பெண் போல மின்னிற்று, மற்றதன் மூலையில் இரண்டு கீறல். என் மெமரி கார்டைப் போட்டு இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்தேன். நிக்கான் படத்துக்குள்ளேயே அதுவரை எத்தனை தடவை ஷட்டர் அடித்தது என்ற கணக்கு ஒளிந்திருக்கும். பையன் என் போனில் போட்டுக் கொடுத்திருந்த செயலியில் பார்த்தால், மின்னுவது 62,000. கீறல் விழுந்தது 11,000! இந்த ரகத்துக்கு ஒரு லட்சம் என்பது பொதுவான கணக்கு. கீறலுக்காக 2,000 குறைத்துக் கேட்டேன்.

லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டிருந்தால் பூஞ்சை; தொடாதீர்கள். துளையை 22 என்ற எண்ணில் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் உள்ள அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் ஊதிச் சுத்தம் செய்யலாம், கீறல் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. மூடியைப் போட்டபடி ஒரு படம் எடுங்கள். கறுப்பில் வெள்ளைப் பொட்டு மின்னினாலும் யோசியுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, ஃபிளாஷ் எழும்புகிறதா என்று பார்ப்பதெல்லாம் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்தரிக்காயையே திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம்!

கடைக்காரர் மலிவாக ஒரு பழைய 50 எம்.எம். லென்ஸை நீட்டினார். பெயரின் கடைசியில் 'டி' என்றிருந்தது. டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அந்த லென்ஸைப் போட்டால் கையால்தான் திருகவேண்டும். தவழும் குழந்தையின் பின்னால் திருகிக்கொண்டு ஓட முடியுமா? மோட்டார் தன்னிடமே உள்ள 35 எம்.எம். 1.8 கேட்டு வாங்கினேன். காமிராவோடு வரும் சாதாரண லென்ஸை முழுக்க நீட்டினால் துளை 5.6-தான். இதில் அதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் புகும். டியூப்லைட்டிலேயே குழந்தையின் கண்ணிமை எண்ணலாம். காமிராவில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள் என்பேன்.

காமிரா 21,500, லென்ஸ் 9,000. இரண்டின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லி, "ஏழு நாளில் பழுதானால் மாற்றித் தரப்படும்" என்று ஒரு வரியும் போட வைத்தேன். முணுமுணுத்தபடி எழுதினார். மிச்சப் பணத்தில் கம்பெனி பேட்டரி ஒன்று உபரியாக.

தோல் உறையில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் சம்புடம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, உள்ளே சிலிக்கா ஜெல் பை போட்டிருக்கிறேன். நீல மணிகள் ஈரம் ஏறினால் வெளிர் சிவப்பாகும், உடனே மாற்றிவிடுவேன். கைக்குழந்தை உள்ள வீடுகளில் அந்தப் பை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மேல் போர்ஷன் குழந்தைக்கு அடுத்த வாரம் ஆயுஷ்ஹோமம். கூலி எவ்வளவு கேட்பது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.