மெய்யும் உயிரும்

அரபு மொழியில் எஞ்சினுக்கு 'முஹர்ரிக்' என்று பெயர். இயக்குவது என்பது பொருள். அதே வேரிலிருந்து பிறந்ததுதான், நம் பிள்ளைகள் ஓதும்போது எழுத்துக்கு மேலும் கீழும் காணும் 'ஹரகத்'. ஹரகத் இல்லாத எழுத்து ஸாகின், அசையாமல் நிற்கும். தமிழ் இலக்கணமும் தன் முறையில் இதையே சொல்கிறது: மெய் தானாக இயங்காது, உயிர் ஏறவேண்டும். இரு மொழிகளையும் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நாம், இந்தப் பாடத்தை எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறையில் கண்டது சென்ற ஆண்டில்தான்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் திண்டுக்கல்லில் இருக்கிறார். அவருடைய அத்தா சிறுமலை வாழைத்தார்களைச் சந்தைக்கு இறக்கிப் பிழைத்தவர். அவர் வைத்திருந்தது எஃப்.சி. 150 என்னும் பழைய பிக்கப் வண்டி. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1956இல் வெளியிட்ட அமைப்பு அது; பின்னர் மஹிந்திரா நம் நாட்டில் தயாரித்தது. முகம் தட்டையாக இருக்கும். எஞ்சின் எங்கே என்று தேடுவீர்கள். இரு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மூடிக்குள் இருக்கும். அந்த வெப்பத்தை அருகில் வைத்துக்கொண்டே சிறுமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் ஏறி இறங்கினார்.

மூத்த மகளின் திருமணச் செலவுக்கு, அந்த 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை மட்டும் கழற்றி விற்றுவிட்டார். கூடு கொல்லையில் கிடந்தது. அவர் வஃபாத்தான பின் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள் உறவினர்கள். (காயலான் கடை என்ற பெயருக்குப் பின்னே நம்மவர் வணிக வரலாறு ஒன்று உண்டு, அதை வேறொரு சமயம் எழுதுவோம்.) "வேண்டாம்" என்றார் தாயார். மகனோ, ஆட்டோ வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் இந்தக் கூட்டில் போட்டார். அறிவுள்ள செயலா என்று நம்மிடம் சிலர் கேட்டார்கள். கணக்குப் பார்த்தால் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அன்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

பழைய ஜீப் ஒன்றிலிருந்து டீசல் எஞ்சின் கிடைத்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். பிரான்ஸின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மஹிந்திரா தயாரித்தது. பெயரே இலக்கணமாக அமைந்திருக்கிறது: 4 சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 2112 சி.சி. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் ஏழு மடங்கு அளவுக்கு அழுத்திப் பொறி வைத்துக் கொளுத்தும். இதுவோ காற்றை மட்டும் இருபது மடங்குக்கு மேல் அழுத்தும். அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். பொறி வேண்டியதில்லை. குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஹீட்டர் பிளக் சற்றுச் சூடேற்றித் தரவேண்டும்.

எஞ்சினைத் தூக்கி வைப்பதே பெரிய வேலை என்று எண்ணியிருந்தோம். மெக்கானிக் சிரித்தார். பழைய கியர் பெட்டியோடு இதை இணைக்க லேத்தில் ஒரு தகடு கடையவேண்டும். இரண்டின் நடுக்கோடும் மயிரிழை பிசகினால் கிளட்சும் பேரிங்கும் தேய்ந்துபோகும். அதற்கே மூன்று வாரங்கள் ஆயின. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளைப் புதிதாகப் பற்றவைத்தார்கள். மீதியைச் சொல்லி வாசகர்களைக் களைப்படையச் செய்ய விரும்பவில்லை.

கிளப்புகிற நாளில் அழைத்திருந்தார்கள். அஸருக்குப் பின் போனோம். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மீண்டும் சுற்றியது. பேட்டரி தளர்ந்ததே மிச்சம். மாணவரின் முகம் வெளுத்துவிட்டது. மெக்கானிக் மட்டும் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்துவிட்டு வந்தார். "வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகுது, எரியலைன்னு அர்த்தம், ஹஜ்ரத். ஒரு புகையும் இல்லை. டீசலே போகலை."

குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்றார். ஆனால் எந்த இணைப்பிலும் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை. அங்கேதான் அவருடைய கல்வி தெரிந்தது. தொட்டியிலிருந்து பம்பு வரை டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே கசியாமல் காற்று உள்ளே போகும். குழாயின் நடுவே கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகினார். கைப்பம்பை அடித்ததும் குமிழிகள் வரிசையாக ஓடின. பிறகு டீசல் கேனை எஞ்சினுக்கு மேலே உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பழைய தொட்டியை விலக்கிவிட்டு, கேனிலிருந்து நேராகக் குழாய் கொடுத்தார். ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, இன்ஜெக்டர் நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் இருமியது, வெண்புகையைக் கக்கியது, பின்பு பட்டறையே அதிரும்படி நின்று ஓடியது.

குற்றம் பழைய பெட்ரோல் தொட்டியின் உறிஞ்சு குழாயில் இருந்தது. துருப்பிடித்து ஊசிமுனை அளவு துளை விழுந்திருந்தது. தொட்டியில் இன்னொரு குறையும் தெரிந்தது. டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர்களில் மிஞ்சும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பவேண்டும். பெட்ரோலுக்காகச் செய்த இந்தத் தொட்டியில் திரும்பும் வழியே இல்லை. அதையும் வைத்தார்கள். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள அந்த மெக்கானிக் எட்டாம் வகுப்புவரை படித்தவர். நாம் அவரைத் தயக்கமின்றி ஆலிம் என்போம். அவர் அறிந்த துறையில்.

மறுவாரம் தாயாரை அழைத்து வந்து காட்டினார் மகன். அவர் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இது அத்தா வண்டிச் சத்தம் இல்லையே" என்றார். பெட்ரோல் எஞ்சினின் மெல்லொலி எங்கே, இந்த டீசலின் கடகடப்பு எங்கே! மகன் மறுமொழி சொல்லாமல் எஞ்சின் மூடியை மாட்டினார். ஓசை சற்றுத் தணிந்தது. தாயார் ஏறி இடப்பக்க இருக்கையில் அமர்ந்துகொண்டார். இறங்க வெகுநேரம் ஆயிற்று.

இனி இருப்பது காகித வேலை. பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் தன் விருப்பப்படி மாற்ற 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், இடம் தருவதில்லை. சேஸிஸ் எண் பழையதுதான். எஞ்சின் எண்ணும் எரிபொருளும் வேறு. வேலையைத் தொடங்குமுன்பே மாணவர் விண்ணப்பித்திருக்கிறார். முடிவு வரவில்லை. அதுவரை வாரம் ஒருமுறை கிளப்பி, கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிடுகிறார். வண்டி பட்டறை வாசலைத் தாண்டவில்லை.