அஸர் நேரம்

நட்டுவைத்த குச்சியின் நிழல், உச்சிவேளை நிழலைக் கழித்து, குச்சியின் நீளத்துக்கு வந்தால் அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று என்பது ஷாபி மத்ஹபு. ஹனபிகளுக்கு நிழல் இருமடங்காக வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். நாகூர், நாகப்பட்டினக் கரையோர மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாபிகள். தஞ்சாவூர்ப் பக்கத்து ராவுத்தர்கள் ஹனபிகள். நான் ‘அத்தா’ என்று கூப்பிட்டு வளர்ந்தவன். என் மனைவி ‘வாப்பா’ என்று. வங்கி வேலை நிமித்தம் வேளாங்கண்ணியில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு அஸரும் உண்டு.

ஓதப்போகும் என் மகளுக்கு இப்படியொரு வித்தியாசம் இருப்பதே அங்கே சொல்லப்படவில்லை. எட்டு வயதில் எழுத்துப் பிசகாமல் அரபி ஓதுகிறாள். மனனத்தை நான் இகழவில்லை. ஆனால் இதே அஸர் விஷயத்தில் அபூ ஹனீபாவின் மாணவர்களான அபூ யூசுபும் முஹம்மது ஷைபானியும், 8ஆம் நூற்றாண்டிலேயே, ஆசிரியரை மறுத்து ஒரு மடங்கே போதும் என்றார்கள். அதற்காக அவர்களை மத்ஹபிலிருந்து யாரும் விலக்கவில்லை. மூவர் பேச்சும் சட்ட நூல்களில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. குழந்தை இஜ்திஹாத் செய்ய வேண்டும் என்று யார் கேட்டார்கள்? முயன்று தீர்ப்புக் காண்பதற்கு மொழி, ஹதீஸ், சட்டம் எல்லாம் கற்றிருக்க வேண்டும். யாரோ அப்படி முயன்றுதான் இது வந்தது என்றாவது தெரிய வேண்டாமா? (தமிழ்நாட்டில் பகுத்தறிவு என்றாலே கடவுள் மறுப்பு என்றாகிவிட்டது, அதனால் இந்தப் பேச்சை எடுப்பதே சங்கடம்.)

நாச்சியார்கோயில் பா. தாவூத் ஷா (1885–1969) 1920களிலிருந்து ‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகையில், குர்ஆனைத் தமிழில் பொருளறிந்து படிக்கச் சொல்லி உலமாக்களின் கோபத்தைச் சம்பாதித்தார். இன்று தமிழாக்கங்கள் பல கிடைக்கின்றன. இளைஞர்கள் ‘ஆதாரம் என்ன?’ என்று கேட்கிறார்கள், நல்லதுதான். ஹதீஸ் எண்ணைச் சொன்னதும் அடங்கிவிடுகிறார்கள். எண்ணிலிருந்து தீர்ப்புக்குப் போன வழியைக் கேட்பதில்லை. நம் விமர்சகர்கள் எலியட் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது போலத்தான். தக்லீது, முன்னவர் சொன்னதை அப்படியே பின்பற்றுவது, மதரஸாவில் மட்டும் இல்லை.

ஓதிக்கொடுப்பவரிடம் கேட்டேன். நல்ல மனிதர். ‘பிள்ளைங்க குழம்பிரும்’ என்றார். அன்றிரவே அபூ யூசுப் கதையை மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

‘அவங்க ஹஜ்ரத்து கோவிச்சுக்கலையா அத்தா?’