1949: இரண்டு தலைச்சன் பிள்ளைகளின் வருடம்

பிளஸ் ஒன் வேதியியலில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். லித்தியமும் பெரிலியமும் தத்தம் தொகுதியிலிருந்து மாறுபடுவது ஏன்? சயின்ஸ் குரூப் மக்கள் ஐந்து பாயின்ட் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். காமர்ஸ் எடுத்தவர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அந்த ஐந்து பாயின்ட் தெரியாமல் செத்தவர்கள் இருக்கிறார்கள் என்று எந்த நோட்ஸிலும் போடுவதில்லை.

முதலில் சேட்டைகள். சோடியத்தை மண்ணெண்ணெயில் போட்டால் மூழ்கும், லித்தியம் மிதக்கும். சோடியமும் பொட்டாசியமும் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சட்டை செய்யாது. லித்தியம் அதோடு சேர்ந்து நைட்ரைடாகிவிடும். லித்தியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் உடைந்துபோகும். சலவை சோடா அசையாது. இதெல்லாம் பக்கத்துத் தொகுதியில் இருக்கும் மெக்னீசியத்தின் குணம். பெரிலியமோ இன்னும் மோசம். அதன் ஹைட்ராக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும், அப்படியே அலுமினியம் மாதிரி. தலைச்சன் பிள்ளைக்கு அப்பா ஜாடை இல்லை, எதிர்வீட்டு மாமா ஜாடை என்றால் ஊர் என்ன பேசும்? :-)

காரணம் உருவம்தான். லித்தியம் அயனியின் ஆரம் 76 பிக்கோமீட்டர், மெக்னீசியத்துக்கு 72. சோடியமோ 102. பெரிலியம் அயனி வெறும் 45. இத்தனை சின்ன இடத்தில் இரண்டு மின்சுமை இருந்தால் பக்கத்து அணுவின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் அதன் குளோரைடு சாதாரண உப்பு மாதிரி நடந்துகொள்வதில்லை.

இந்த ஜாடையால் ஏமாந்தவர்கள் ரொம்பப் பேர். பெரில் கல்லில் இருப்பது அலுமினா என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1798-ல் பிரான்ஸின் வோக்லான் அதற்குள் வேறொன்றும் இருக்கிறது என்று கண்டார். அதன் உப்புகள் இனித்ததால் (ஆமாம், நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்) பிரெஞ்சில் குளூசினியம் என்ற பெயர் நிலைத்தது. ஜெர்மானியர்கள் பெரிலியம் என்றார்கள். கடைசியில் 1949-ல் சர்வதேச வேதியியல் ஒன்றியம் பெரிலியம் என்று முடிவு செய்தது. அந்த வருடம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. இந்தியாவோடு இணைய இன்னும் ஐந்து வருடம். பிரெஞ்சில் ரசாயனம் படித்தவர்களுக்கு ஒரு தனிமத்தின் பெயரே மாறிப்போனது. வேடிக்கை என்னவென்றால், பெரில் என்ற சொல் நம்மூர் வைடூரியத்தின் பிராகிருத வடிவத்திலிருந்து கிரேக்கத்துக்குப் போனது என்கிறார்கள். காங்கேயம் பக்கம் படியூரில் அந்தக் கல் கிடைத்தது. கொடுமணலில் அதை மணியாக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பெயர் தோற்று நம்ம சரக்கின் பெயர் ஜெயித்தது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம்.

அதே 1949-ல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் டியூப் லைட்டின் உள்பூச்சில் பெரிலியம் கலப்பதை நிறுத்தினார்கள். அந்தத் தூளைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டது. சிலருக்கு வேலையை விட்டு வருடங்கள் கழித்து. மெக்னீசியம் நம் உடம்புக்குத் தேவையான சத்து. அதே தொகுதியின் தலைச்சன் விஷம்.

லித்தியத்தின் கதைதான் இன்னும் கொடுமை. இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். உப்பில்லாச் சாப்பாடு யாருக்குப் பிடிக்கும்? அமெரிக்காவில் 1940-களின் கடைசியில் லித்தியம் குளோரைடை உப்புக்குப் பதிலாக விற்றார்கள். கரிக்கும், சோடியம் கிடையாது, அதே குடும்பம். வேறென்ன வேண்டும்? ஆனால் உடம்பில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் கிடைக்கும் சோடியத்தை எல்லாம் திருப்பி உறிஞ்சும். அங்கே லித்தியத்துக்கும் சோடியத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, அதையும் சேர்த்துச் சேமிக்கும். அதாவது யாருக்காக விற்றார்களோ அவர்கள் உடம்பில்தான் அது அதிகமாகத் தேங்கியது. கை நடுக்கம், குழப்பம், சிலருக்கு மரணம். 1949-ல் அது கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது.

அதே வருடம் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர், அடங்காத மனஎழுச்சியில் தவித்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துத் தேற்றியதை எழுதினார். அந்த நேரத்தில் அமெரிக்காவில் யார் இதைக் காதில் வாங்குவார்கள்? அங்கே இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1970-ல்தான். இடைப்பட்ட இருபத்தோரு வருடத்தில் அந்த நாட்டில் எத்தனை பேர் இந்த மாத்திரை கிடைக்காமல் ஆஸ்பத்திரி வார்டுகளில் கிடந்தார்களோ.

இன்றும் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள், நம் ஊர்களிலும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடும். அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. அதனால்தான் கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது தண்ணீரைக் குறைக்காதே, திடீரென்று உப்பை நிறுத்தாதே என்று அவர்களுக்கு மட்டும் டாக்டர் தனியாகச் சொல்லி அனுப்புகிறார்.