இழுப்பது வேறு, நிற்பது வேறு

“ஃபோர் வீல் வாங்கியாச்சு, இனி மழை என்ன செய்யும்?” வானொலியில் மழைக்கால நிகழ்ச்சி நடத்தும்போதெல்லாம் ஒரு நேயராவது இப்படிச் சொல்லிவிடுவார். கேட்டதும் எனக்குச் செர்காம் மாமாவின் நினைவு வரும். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்பவர். தோட்டத்துச் செம்மண் பாதையில் எனக்குப் பிக்கப் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். “இது வண்டியக் கிளப்பத்தாம்மா, நிப்பாட்ட இல்ல” என்பார்.

பெரும்பாலான பிக்கப்புகளில் மூன்று நிலைகள் உண்டு. 2எச் என்றால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தார்ச்சாலைக்கு அது போதும். 4எச்-இல் முன், பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டப்பட்டு நான்கும் இழுக்கும். 4எல்-இல் வேகம் குறைந்து இழுவிசை கூடும்.

வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றுகின்றன. சேற்றில் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், உள்ளே பற்சக்கரங்கள் முறுக்கேறிப் பழுதாகும். நடுவில் டிஃபரென்ஷியல் உள்ள சில மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

சேற்றில் சிக்கிய பிறகு 4எச்-ஐத் தேடாதீர்கள். சேறு தொடங்கும் முன்பே, வண்டி நேராக ஓடும்போது மாற்றுங்கள். 4எல் போட, கையேடு வேறு விதமாகச் சொன்னாலொழிய, வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு வாருங்கள். செங்குத்தான இறக்கத்தில் 4எல், முதல் கியர் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இனி பிரேக். சாதாரணக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. ஆகவே, நிறுத்தும் விஷயத்தில் ஃபோர் வீல் கூடுதலாக எதுவும் தருவதில்லை. புறப்படும்போது மட்டும் பிடிமானம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அந்தத் தைரியத்தில்தான் கால் அழுத்துகிறது.

போன ஆண்டு மழைநாள் மாலையில் என் சித்தி மகன் மனைவி, குழந்தையோடு மெர்லிமாவ் பக்கம் 4எச்-இல் வேகமாக வந்துகொண்டிருந்தான். முன்னால் ஒரு லோரி நின்றது. பிரேக் மிதித்ததும், சுமையில்லாத பின்பக்கம் வழுக்கி, வண்டி சாலையோரக் கால்வாயில் இறங்கிவிட்டது. மூவருக்கும் காயமில்லை. “அக்கா, ஃபோர் வீல்லதானே ஓட்டினேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று இரவு குழந்தை அவன் மடியைவிட்டு இறங்கவே இல்லை.

வெள்ளத்திலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் ஷா ஆலம் மூழ்கியபோது உயரமான வண்டிகள் பலரை மீட்டன, உண்மைதான். ஆனால் ஓடும் நீர் 60 செ.மீ. இருந்தாலே பிக்கப்பையும் இழுத்துப் போகும். டயர் தரையைத் தொடாவிட்டால் எத்தனை சக்கரம் சுழன்று என்ன பயன்?

மாமா மாதம் ஒருமுறை செம்மண் பாதையில் 4எச் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுவார். உள்ளே எண்ணெய் பரவி, தேவைப்படும் நாளில் தடையின்றி விழும் என்பார். தார்ச்சாலை ஏறும் முன் 2எச்-க்குத் திருப்பிவிட்டு, டாஷ்போர்டில் விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கிளம்புவார். சித்தி மகனும் இப்போது அப்படித்தான் செய்கிறான். மழையென்றால் வேகத்தையும் குறைத்துவிடுகிறான்.