கை நழுவிய பந்து

நாம் இக்கல்லூரியில் இளங்கலை வகுப்பிற் பயின்ற காலத்தில், கால்பந்துக் கட்சியிற் கோல் காப்பவராய் நின்றோம். ஓர் இறுதிப் பந்தயத்தில், எளிதிற் பற்றியிருக்கத்தக்க பந்தொன்று மழையில் நனைந்த நம் கைகளினின்றும் வழுவி உள்ளே சென்றது. பந்தயமும் அத்துடன் போயிற்று. அன்றிரவு விடுதி உணவுச்சாலையில் எவரும் நம்மை ஏசவில்லை. எவரும் நம்முடன் பேசவுமில்லை. அம்மௌனத்தின் பாரத்தை இன்னும் மறந்திலோம்.

பல்லாண்டு கழித்து, மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள ஆன் ஆர்பர் நகரில் வசித்தோம். அந்நாட்டார் கால்பந்து என்பது நாம் ஆடும் ஆட்டமன்று. கட்சிக்குப் பதினொருவராய், முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் 100 கெஜ மைதானத்தைக் கடக்க முயல்வர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். இயலாதெனக் கண்டால், நான்காம் முயற்சியிற் பந்தைத் தொலைவில் உதைத்து எதிரிக்குக் கொடுத்துவிடுவர். இஃது அறிந்து கொடுத்தல். கையினின்று நழுவிய பந்தை எதிரி எடுத்துக்கொள்வதும், எறிந்த பந்தை அவன் இடைமறித்துப் பிடிப்பதும் அறியாது இழத்தல். இதனையே ‘டர்னோவர்’ என்பர். இதனால் எஞ்சிய முயற்சிகள் போம்; உதைத்துப் பெற்றிருக்கக்கூடிய நிலமும் போம்; களைத்து அப்பொழுதுதான் அமர்ந்த காவற்படையினர் மூச்சு வாங்குமுன் மீண்டும் எழவேண்டும்.

2015ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே நாமும் அமர்ந்திருந்தோம். மிச்சிகன் 23, மிச்சிகன் ஸ்டேட் 21. எஞ்சியவை பத்து விநாடிகள். பந்தை உதைத்துவிட்டால் வெற்றி. ஆயின் தாழ்வாய் வந்த பந்து உதைப்பவன் கையினின்று நழுவிற்று. எதிரிக் கட்சியின் இளைஞன் ஒருவன் அதனைக் கைப்பற்றி 38 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டான், காலமும் முடிந்தது. 27-23. அதுவரை ஒரு கணமேனும் முன்னணியில் இல்லாத கட்சி வென்றது. அவ்வாண்டு தன் மண்டலத்தின் முதன்மையையும் அஃது எய்திற்று.

நழுவவிட்டவனை ஏசிய குரல்களில் நம் குரலும் ஒன்று. இதனை எழுத நாணுகின்றோம். இல்லம் நோக்கி நடக்கையிலேதான் பழைய உணவுச்சாலை நினைவில் வந்தது.

பந்திழப்பு பந்தயத்தை மாற்றும் என்பதில் ஐயமில்லை. 2003 ஜனவரி 3ஆம் நாள் நடந்த தேசிய முதன்மைப் பந்தயத்தில், தொடர்ந்து 34 பந்தயங்களில் வென்றிருந்த மியாமி சர்வகலாசாலை ஐந்து முறை பந்தை இழந்து, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 31-24 என்று தோற்றது. ஆயினும் அவ்விழப்புகள் ஒருவர் கையால் மட்டும் நேர்ந்தனவல்ல. பந்தை மார்போடு அணைத்துப் பிடிக்கப் பயிற்சியாற் கற்கலாம். தரையில் விழுந்த முட்டைப் பந்து எப்பக்கம் துள்ளும் என்பதை எவர் கற்பிப்பார்? அதனாலன்றோ, ஓராண்டு பந்திழப்புகளால் உயர்ந்த கட்சி மறு ஆண்டு அந்நற்பேற்றை இழந்து நிற்பதும் உண்டு. நாமோ பெரும்பகுதி தற்செயலான ஒன்றை முழுதும் ஒருவன் குற்றமாக்கினோம்.

1929 ஜனவரி 1ஆம் நாள் பாஸடினாவில் நடந்த ரோஸ் பவுல் பந்தயத்தில், கலிபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் எதிரி நழுவவிட்ட பந்தை எடுத்தார். கிடைத்தது பேறு, ஆனால் திசை மயங்கித் தம் எல்லையை நோக்கியே ஓடினார். தோழர் ஒருவர் துரத்திப் பிடித்து நிறுத்தினார். அடுத்து உதைத்த பந்தை எதிரிகள் தடுத்து இரண்டு புள்ளி பெற்றனர். ஜார்ஜியா டெக் 8-7 என்று வென்றது. இடைவேளையிற் கலங்கியிருந்த ரீகல்ஸைப் பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் மீண்டும் களத்துக்கு அனுப்பினார். ரீகல்ஸும் பின்பாதியில் ஊக்கத்தோடு ஆடினார். அடுத்த பருவத்தில் அக்கட்சியின் தலைவராயும் விளங்கினார். இழந்த பந்து மீளவில்லை. இழக்கவிருந்த மனிதன் மீண்டான்.

இன்று நாம் இக்கல்லூரியிலேயே கற்பிக்கின்றோம். சென்ற பருவத்தில் நம் கோல் காக்கும் மாணவன் பந்தை நழுவவிட்டான், தோற்றோம். அன்றிரவு உணவுச்சாலைக்குச் சென்று, இருபுறமும் இடம் வெறிதாயிருந்த அவன் அருகில் அமர்ந்தோம். பந்தயத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. உண்டு முடித்துக் கை கழுவுகையில், “தம்பி, காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வா, ஈரப்பந்து கொண்டு பழகலாம்” என்றோம். “வருகிறேன், ஐயா” என்றான். மறுநாள் நாம் சென்றபோது அவன் நமக்கு முன்பே வந்து காத்திருந்தான்.