கால் போனது அப்பாவுக்கு, பள்ளிக்கூடம் போனது மகளுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மூதூர், தோப்பூர் பக்கமிருந்து ஈச்சிலம்பற்றுக்குப் படிப்பிக்கப் போகிற எங்களுக்கு, யுத்தத்தில் காயப்பட்டவர்களின் கஷ்டம் முதலில் கண்ணில் படுவது வரவு இடாப்பில்தான். தரம் எட்டிலோ ஒன்பதிலோ படிக்கிற ஒரு பெண் பிள்ளை கிழமைக்கு இரண்டு நாள் வரமாட்டாள். கேட்டால், "அம்மா கூலி வேலைக்குப் போயிட்டா டீச்சர், அப்பாவப் பாக்க வீட்டில ஆளில்ல" என்பாள். அதற்கு மேல் நாங்கள் என்ன கேட்பது?

எங்கள் பகுதியின் கதை உங்களுக்குத் தெரியும். 2006 ஜூலையில் மாவிலாற்றின் கதவு மூடப்பட்டது. அங்கே தொடங்கிய சண்டை 2009 மே மாதம்தான் முடிந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் சனம் கந்தளாய்க்கு ஓடியது. ஈச்சிலம்பற்றுச் சனம் வெருகல் ஆற்றைத் தாண்டி வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் ஓடியது. சேருவிலவில் சிங்களச் சனமும் பயந்துதான் கிடந்தது. இன்று மூன்று பக்கமும் ஊன்றுகோல் இருக்கிறது. அங்கே ஒரு படைவீரர், இங்கே ஒரு ஹோம்காட், அந்தப் பக்கம் ஒரு முன்னாள் போராளி. ஆயுதமே தொடாமல் ஷெல்லில் கால் போன விவசாயியும் இருக்கிறார்.

இவர்களுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. படைவீரர்களுக்காக 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவை அதிகார சபை உருவாக்கப்பட்டது. ராகமையில் ரணவிரு செவன, அத்திடியவில் மிஹிந்து செத் மெதுர, அநுராதபுரத்தில் அபிமன்சல என்று பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் 12 வருட சேவை முடிக்கமுன் காயப்பட்ட படையினர் தங்கள் ஓய்வூதியத்துக்காக 2017இல் கொழும்பில் வீதிக்கு இறங்க வேண்டி வந்தது. முன்னாள் போராளிக்கும் ஷெல்பட்ட விவசாயிக்கும் அந்த வாசலே இல்லை. அவர்களுக்கு இருப்பது வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூடியது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 10,000 ரூபாவை 30 நாளால் பிரித்தால் நாளுக்கு 333 ரூபா. அதில் மருந்தா, சாப்பாடா, வைத்தியசாலைக்குப் போக ஆட்டோவா? ஆளுக்குச் சம்பளம் கொடுத்து உதவிக்கு வைப்பதை நினைக்கவே முடியாது.

இங்கேதான் எல்லோரும் பார்க்கத் தவறுகிற ஒன்று இருக்கிறது. காயப்பட்டவருக்குக் காசு மட்டும் போதாது, கையும் வேண்டும். முள்ளந்தண்டில் அடிபட்டவரைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டும், உடுப்புத் துவைக்க வேண்டும், வளவு துப்புரவாக்க வேண்டும், மழைக்கு முன் கூரை பார்க்க வேண்டும். முன்பு அவர் செய்த வேலையும் இப்போது அவருக்காகச் செய்கிற வேலையும் சேர்ந்து ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அந்தப் பெண் கூலிக்குப் போனால் மகளின் தலையில் விழுகிறது. எந்த விண்ணப்பப் படிவம் வந்து, "உங்கள் வீட்டு வேலையை யார் செய்கிறார்?" என்று கேட்டிருக்கிறது?

வெளிநாட்டில் இதைக் கேட்கிறார்கள். கனடாவில் 1981இலிருந்து முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு திட்டம் நடக்கிறது. முதியோர் இல்லத்துக்குப் போகாமல் சொந்த வீட்டிலேயே இருப்பதற்காக வீடு துப்புரவாக்க, புல் வெட்ட, பனி அள்ள, குளிக்க வார்க்க ஆகும் செலவை அரசாங்கம் பொறுக்கிறது. அந்தப் படைவீரர் மௌத்தாகிப் போனாலும், தகுதி இருந்தால் அவரைப் பார்த்த மனைவிக்கு வீட்டு வேலை உதவி தொடரும். 2018 ஏப்ரலிலிருந்து கடுமையாகக் காயப்பட்டவரைப் பராமரிக்கிறவரின் கைக்கே மாதம் ஆயிரம் டொலர் என்று ஒரு கொடுப்பனவையும் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியாவில் 2001இல் தொடங்கிய படைவீரர் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில், ஒருவர் விசாரித்து இன்ன உதவி இத்தனை மணித்தியாலம் என்று தீர்மானிப்பார். அதன்படி வீட்டுக்கு ஆள் வரும். படைவீரர் ஒரு சிறு தொகைதான் கட்டுவார். பராமரிக்கிறவருக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி.

"அது பணக்கார நாடு சேர்" என்பீர்கள். சரிதான். ஆனால் அங்கேயும் எல்லா வீட்டுக்கும் நாள் முழுக்க ஆள் வருவதில்லை. கிழமைக்குச் சில மணித்தியாலம்தான். அந்தச் சில மணித்தியாலத்தில் எங்கள் மாணவி ஒருத்தி கணித பாடத்துக்கு வந்து இருப்பாள். உதவிக்குப் போகிறவரும் அதே கிராமத்துப் பெண்ணாக இருக்கலாம். யுத்தத்தில் கணவனை இழந்து வேலை தேடுகிறவர்கள் எங்களிடம் குறைவா? ஒரே சம்பளத்தில் இரண்டு வீடு நிமிரும்.

இன்னொன்று. இந்த உதவியைப் பங்கு போடும்போது யார் எந்தச் சீருடை போட்டிருந்தார் என்று பார்த்தால் நாங்கள் பழைய இடத்துக்கே போய்விடுவோம். படுக்கைப் புண்ணுக்கு இனமுமில்லை, மதமுமில்லை. பள்ளிக்கூடம் வராமல் நிற்கிற பிள்ளை யுத்தம் நடந்தபோது பிறக்கவே இல்லை.

அதனால் எங்கள் வேண்டுகோள் மூன்று.

ஒன்று: கொடுப்பனவுக்குத் தகுதி இருந்தும் எடுக்காதவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால், வைத்திய அறிக்கையோடு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியாதவருக்கு அந்த அலுவலகப் படி ஏறுவதே ஒரு பெரிய வேலை.

இரண்டு: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களே, பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களே! இப்படியான வீடுகளைக் கணக்கெடுங்கள். முறை வைத்துக் கிழமைக்கு ஒரு காலைப் பொழுது ஒரு வீட்டுக்குப் போகலாமா என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் கதையுங்கள். சகாத், சதகா கொடுக்கிறவர்களும் காசோடு கொஞ்ச நேரத்தையும் கொடுக்கலாம்.

மூன்று: வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் சக்கர நாற்காலி மட்டும் கேட்காதீர்கள். நாற்காலியைத் தள்ள சம்பளத்துக்கு ஒரு ஆளையும் சேர்த்துக் கேளுங்கள். அது பிச்சை இல்லை, காயப்பட்டவருக்கு உள்ள உரிமை.

பெற்றோரே, பிள்ளை ஏன் வரவில்லை என்பதை எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச மாட்டோம். விடுபட்ட பாடத்தைப் பின்னேரத்தில் சொல்லித் தருவோம், பாட்டுக்காரியை விட்டு அன்றைய கொப்பியை வீட்டுக்கு அனுப்புவோம். இது எங்களால் முடியும். ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் அள்ள ஒரு கை வேண்டும். அதை ஊர்தான் கொடுக்க வேண்டும், பிறகு அரசாங்கம் கொடுக்க வேண்டும்.

இப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால் கருத்துப் பகுதியில் பெயர் போட வேண்டாம், உள்பெட்டியில் சொல்லுங்கள். அவர்களின் மானமும் முக்கியம்.